பிவிசி வாட்டர்ஸ்டாப்: எதை வாங்கணும், எப்படி கட்டணும்? உங்க கேள்விகளுக்கு என் பதில்

காங்கிரீட் ஜாயின்ட் வழியா தண்ணி கசியாம இருக்க குறுக்க வைக்கிற பிளாஸ்டிக் பட்டைதான் பிவிசி வாட்டர்ஸ்டாப். தண்ணி தேங்குற காங்கிரீட்ல ஜாயின்ட் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். பல வருஷமா தண்ணி டேங்க், பேஸ்மென்ட் வேலைதான் பாக்குறேன். அதுல கண்ணால பார்த்ததை வெச்சே சொல்றேன்.

கேள்வி: சார், கடைல 150, 230, 300 எம்எம்னு அகலம் அகலமா காட்டுறாங்க. சிலதுல நடுவுல குழாய் மாதிரி ஓட்டை இருக்கு, சிலதுல இல்ல. எதை வாங்கறது?

பதில்: அகலத்தை அப்புறம் பாக்கலாம் சார், முதல்ல உங்க ஜாயின்ட் அசையுமா அசையாதான்னு சொல்லுங்க. இன்னைக்கு போட்டு நிறுத்திட்டு நாளைக்கு தொடர்ந்து போடுறோமே, அது கன்ஸ்ட்ரக்‌ஷன் ஜாயின்ட். ரெண்டு பக்கத்தையும் கம்பி பிடிச்சிருக்கும், அசைவு ரொம்ப கம்மி. அதுக்கு நடுவுல ஓட்டை இல்லாத, பல்லு பல்லா வரி போட்ட தட்டை வகையே போதும், இல்லன்னா ரெண்டு ஓரமும் உருண்டையா இருக்கற டம்பெல் வகை.

எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் அப்படி கிடையாது. வெயிலுக்கு விரியும், குளிருக்கு சுருங்கும், தரை ஒரு பக்கம் இறங்கினா அதுவும் சேர்ந்து இறங்கும். அங்கதான் அந்த நடு ஓட்டை, அதாவது சென்டர் பல்பு, கட்டாயம் வேணும். ஜாயின்ட் விலகும்போது அந்த பல்பு தட்டையாகி நீளும், இழுப்பை அதுவே வாங்கிக்கும், ஓரத்துல இருக்கற வரிக்கு போகாது. தட்டை வகையை அங்க போட்டா இழுப்பு நேரா வரியில வந்து விழும், வரி காங்கிரீட்டை விட்டு லேசா விலகினாலே போதும், அதுக்கு பின்னாடியே தண்ணி வழி கண்டுபிடிச்சிடும். எவ்ளோ அசைவு வரும்னு டிசைன் பண்ண இன்ஜினியர்கிட்ட கேட்டு, அதுக்கேத்த சைஸ் பல்பு எடுங்க. இன்னொண்ணு, பல்பு சரியா ஜாயின்ட் இடைவெளிக்குள்ள நிக்கணும். காங்கிரீட்டுக்குள்ள புதைஞ்சு போச்சுன்னா அது இருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

கேள்வி: அண்ணே, செவுரு 200 எம்எம்தான். பெருசா போட்டா நல்லதுன்னு 300 எம்எம் வாங்கிடலாமா?

பதில்: வேணாம் தம்பி. வாட்டர்ஸ்டாப் அகலம் செவுரு கனத்தை தாண்டக்கூடாது, 200 எம்எம் செவுருக்கு 150 எம்எம் சரி. அகலம் கூடினா தண்ணி சுத்தி வர்ற தூரம் கூடும்ங்கறது நெசம்தான், ஆனா அதை சுத்தி காங்கிரீட் நல்லா இறுகி நின்னாதான் அந்த தூரத்துக்கு அர்த்தம். கம்பிக்கும் வாட்டர்ஸ்டாப்புக்கும் நடுவுல ஜல்லி சைஸ் மாதிரி ரெண்டு பங்கு இடமாச்சும் விடுங்க, 20 எம்எம் ஜல்லின்னா 40 எம்எம். அந்த சந்து கிடைக்கலன்னா ஜல்லி மேலயே சிக்கிக்கிட்டு நிக்கும், கீழ ஹனிகோம்ப்தான், அதாவது தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த காங்கிரீட்தான் மிஞ்சும்.

கேள்வி: 6 மீட்டர் ஆழத்துல பேஸ்மென்ட் வருது, நிலத்தடி தண்ணி மேல வரைக்கும் இருக்கு. பிவிசி தாங்குமா?

பதில்: தாங்கும். 10 மீட்டர் தண்ணி கிட்டத்தட்ட 1 பார் பிரஷர், அப்போ உங்களுக்கு அடில 0.6 பார். ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 6 டன் தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க. கம்பெனி டேட்டாஷீட்ல எவ்ளோ தண்ணி உயரத்துக்குன்னு போட்டிருப்பாங்க, உங்க ஆழத்தை விட தாராளமா மேல இருக்கற ப்ரொஃபைலா பாருங்க. ஆனா ஒண்ணு, நான் பார்த்த கசிவுல பிவிசி கிழிஞ்சு தண்ணி வந்ததா ஒண்ணு கூட கிடையாது, எல்லாம் வெல்டு விட்டுப்போன இடம், மடங்கின இடம், ஹனிகோம்ப் விழுந்த இடம்.

ஒரு டேங்க்ல டெஸ்டுக்கு தண்ணி நிரப்பினோம், ஒரு மூலைல மட்டும் ஈரம் படர்ந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த இடத்தை உடைச்சு பாத்தா 230 எம்எம் வாட்டர்ஸ்டாப் பாதி அப்படியே காகிதம் மாதிரி மடங்கி கிடக்கு, மடிப்புக்கு அடில கை விரல் போற அளவுக்கு வெறும் காத்து. மெட்டீரியல் புதுசு மாதிரியே இருந்துச்சு. காங்கிரீட் கொட்டும்போது கட்டாம விட்ட ஓரம், கொட்டுன வேகத்துல சாஞ்சிருச்சு. அன்னையிலருந்து ஒவ்வொரு அடிக்கும், அதாவது 300 எம்எம் இடைவெளில, ரெண்டு ஓரத்தையும் கட்டுக்கம்பி போட்டு கம்பியோட இழுத்து கட்டி இருக்கான்னு நானே கையால ஆட்டி பாத்துட்டுதான் காங்கிரீட் போட விடறேன்.

கேள்வி: எங்க சைட்ல ஷட்டரிங் பசங்க வாட்டர்ஸ்டாப் மேல ஆணி அடிச்சு நிறுத்திட்டாங்க. பரவாயில்லையா?

பதில்: எங்க அடிச்சாங்கன்னு பாருங்க மேடம். வெளி ஓரத்துல, கடைசி வரியை தாண்டி இருக்கற விளிம்புல ஓட்டைன்னா பாதிப்பு இல்ல, கட்டறதுக்கே அங்கதான் வளையம் வெச்சு தர்றாங்க. நடுவுல அடிச்சிருந்தா அந்த துண்டை வெட்டி எடுத்துட்டு புது துண்டு வெல்டு பண்ணுங்க. அன்னைக்கு காங்கிரீட் முடியற ஓரத்தை அடைக்கிற ஸ்டாப் என்ட் பலகையை ரெண்டா பிளந்து நடுவுல வாட்டர்ஸ்டாப்பை கவ்வ வெச்சா ஆணிக்கே வேலை இல்ல.

கேள்வி: ரெண்டு ரோல் சேர்ற இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு போட்டு பிவிசி பசை தடவுனா போதும்னு மேஸ்திரி சொல்றார்.

பதில்: தயவு செஞ்சு விடாதீங்க. இதை மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா பாதி கசிவு இங்கதான். ரெண்டு முனையையும் நேரா சதுரமா வெட்டி, வரிக்கு வரி நேரா வர்ற மாதிரி வெச்சு, சூடு கண்ட்ரோல் இருக்கற டெஃப்ளான் பூசின தட்டு அயர்ன்ல ரெண்டு முனையையும் ஒரே நேரத்துல அழுத்தணும். சூடு சுமார் 190 டிகிரி. முனை முழுக்க ஒரே சீரா உருகி ஓரத்துல மணி மாதிரி பிதுங்கினதும் அயர்னை எடுத்துட்டு உடனே ஒண்ணோட ஒண்ணு அழுத்தி, ஆறுற வரைக்கும் ஆட்டாம பிடிக்கணும். அவசரப்பட்டு விட்டா உள்ள பிரிஞ்சிடும். பழுப்பாவோ கருப்பாவோ மாறி கார நெடி அடிச்சா கருகிடுச்சுன்னு அர்த்தம், வெட்டி தூக்கி போட்டுட்டு திரும்ப பண்ணுங்க, அந்த புகையை மூச்சுல இழுக்காதீங்க. நெருப்பு டார்ச்ல காட்டி ஒட்டறதும் கூடவே கூடாது. ஆறினதும் ஜாயின்ட்டை கையால நல்லா மடக்கி பாருங்க, கோடு மாதிரி எங்கயாவது வாய் திறந்தா அது வெல்டே இல்ல.

மூலை, டி, பிளஸ் எல்லாம் ஃபேக்டரில செஞ்ச துண்டாவே வாங்கிடுங்க, சைட்ல நேர் ஜாயின்ட் மட்டும் போடுங்க. தரைல ஓடுறதும் செவுத்துல ஏறுறதும் ஒரே வளையமா, எங்கயும் அறுபடாம சேரணும். ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா மிச்ச 100 மீட்டர் போட்டதுக்கு பலன் இல்ல.

கேள்வி: வெளிப்பக்கமா வைக்கிற வகை நல்லதா, நடுவுல வைக்கிறது நல்லதா?

பதில்: தண்ணி எந்த பக்கம் தள்ளுதோ அதை பொறுத்தது. பேஸ்மென்ட்ல வெளியருந்து தள்ளுது, அது வாட்டர்ஸ்டாப்பை காங்கிரீட்டோட சேர்த்து அமுக்கும், அதனால அங்க வெளிப்பக்க வகை நல்லது. ராஃப்ட்டுக்கு (அடித்தள ஸ்லாப்) அடில பிசிசி (கம்பி இல்லாத அடி காங்கிரீட்) மேல விரிச்சுட்டு போறதும் ஈஸி, கம்பி இடைஞ்சல் கிடையாது. தரைக்கு மேல நிக்கிற தண்ணி டேங்க்குக்கு அது ஆகாது, உள்ளருந்து வர்ற பிரஷர் அதை பிச்சு வெளிய தள்ளும். அங்க நடு வகைதான்.

நடு வகையை தரை ஸ்லாப்ல படுக்க வெச்சா ஓரத்தை தூக்கி பிடிச்சு, முதல்ல அடில காங்கிரீட்டை நிரப்பி வைப்ரேட்டர் விட்டு, அப்புறம் ஓரத்தை இறக்கி மேல போடணும். ஒரே மூச்சா கொட்டுனா அடில காத்து நிக்கும். செவுருக்கு தரையோடவே சேர்த்து 150 எம்எம் உயரத்துக்கு ஸ்டார்ட்டர், அதாவது செவுரோட அடிப்பகுதியை எடுத்து, அதுல வாட்டர்ஸ்டாப்பை பாதி புதைச்சு நிமிர்த்தி வெச்சீங்கன்னா அந்த தொல்லையே இருக்காது.

கேள்வி: இதுக்கு பதிலா தண்ணி பட்டா ஊதுற பட்டை போட்டா வெல்டிங்கே வேணாமே?

பதில்: அசையாத ஜாயின்ட்டுக்கு, இடம் குறைவான இடத்துக்கு, குழாய் செவுரு தாண்டுற இடத்துக்கு அது நல்ல சாமான்தான். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு கூடாது. போட்டதும் மழை பெஞ்சா முன்னாடியே ஊதிடும், அப்புறம் மாத்தணும். ஊதுற வேகத்துல காங்கிரீட் ஓரத்தையே பிளந்துடும், அதனால ரெண்டு பக்கமும் 75 எம்எம் காங்கிரீட் கவராவது விடுங்க.

கேள்வி: நல்ல மெட்டீரியல்னு எப்படி கண்டுபிடிக்கறது?

பதில்: டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்க, சிஆர்டி-சி 572, டிஐஎன் 18541, ஐஎஸ் 15058 மாதிரி எந்த ஸ்டாண்டர்டுக்குன்னு தெளிவா போட்டிருக்கணும், பேட்ச் நம்பர் ரோல்ல இருக்கறதோட ஒத்துப்போகணும். கையில ஒரு துண்டு வெட்டி பாருங்க, வெட்டுவாய்ல சின்ன சின்ன துளை, கலர் கலரா திட்டு இருந்தா பழைய பிளாஸ்டிக் கலந்திருக்காங்க. முழுசா மடக்கி அழுத்துங்க, வெடிச்சா வாங்காதீங்க. குடிதண்ணிக்குன்னா அதுக்கு தனி சர்டிஃபிகேட் இருக்கணும்.

கேள்வி: டீசல் தேங்குற தொட்டிக்கு?

பதில்: சாதா பிவிசி வேணாம். அதை வளைய வைக்கிற பிளாஸ்டிசைசரை எண்ணெயும் சால்வென்ட்டும் உறிஞ்சி எடுத்துடும், கொஞ்ச நாள்ல விறைச்சு போயிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, இல்லன்னா அந்த கெமிக்கலுக்கு டெஸ்ட் பண்ண டிபிவி (ரப்பர் கலந்த பிளாஸ்டிக்) வகை பாருங்க. இதே காரணத்தாலதான் தார் போர்டு ஒட்டி உரசுற இடத்துலயும் பிட்டுமினுக்கு ஒத்துப்போற பிவிசியான்னு கேட்டு வாங்கணும்.

கேள்வி: பாதி புதைச்சு ஆறு மாசமா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, இப்ப அடுத்த காங்கிரீட் போடலாமா?

பதில்: வெயில் பட்டு விறைச்சிருக்கான்னு முதல்ல மடக்கி பாருங்க, கீறல் விழுந்தா அந்த பாகத்தை மாத்தியே ஆகணும். நல்லா இருந்தா காஞ்சு ஒட்டியிருக்கற சிமெண்ட் பாலை வரி வரியா சுரண்டி துணியால துடைச்சு எடுங்க, ஷட்டரிங் ஆயில் பட்டிருந்தா அதையும். அடுத்த தடவை சாக்கு சுத்தி வெச்சிடுங்க.

கேள்வி: எல்லாம் முடிஞ்சு தண்ணி வந்துடுச்சு அண்ணே, என்ன பண்றது?

பதில்: மேல பூச்சு பூசி மறைக்காதீங்க தம்பி, தண்ணி பக்கத்துல இன்னொரு இடத்துல கிளம்பும். ஜாயின்ட்டுக்கு ஓரமா சாய்வா துளை போட்டு, பேக்கர் (ஊசி போடுற முனை) வெச்சு பியூ, அதாவது பாலியூரித்தேன் ரெசின் ஊசி போடுங்க. துளை வாட்டர்ஸ்டாப்பை குத்திடக்கூடாது, அதனால அது எந்த ஆழத்துல எந்த அகலத்துல இருக்குன்னு டிராயிங்ல பாத்து அளந்துட்டே டிரில்லை கையில எடுங்க. கீழருந்து ஆரம்பிச்சு மேல போங்க, பக்கத்து துளைல பியூ எட்டி பாக்கற வரைக்கும் ஒரு துளையை விட்டு நகராதீங்க.