ஏரியைச் சுற்றி ஓடலாமா? ஆட்டிசத்துக்காக ஓட்டம் நடத்த நினைக்கும் கொடைக்கானல் வாசகிக்கு

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கின் இளைஞர் இயக்கம் சார்பில், ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஓட்டம் நடத்த ஆசைப்படுகிறோம். பங்குத் தந்தை சம்மதித்துவிட்டார். எங்கள் அன்பியத்திலேயே (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழு) இரண்டு வீடுகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் ஓட வேண்டும், வசூலாகும் பணமும் அவர்களைப் போன்றவர்களுக்கே போய்ச் சேர வேண்டும். யாரிடம் அனுமதி வாங்குவது, பணத்தை எப்படி வாங்குவது, சிறப்பு விருந்தினராக யாரை அழைப்பது?

பதில்: நல்ல காரியம், தாராளமாகச் செய்யுங்கள். அனுமதி, பணம், விருந்தினர் மூன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசிவிட வேண்டும். அது ஏரி.

ஏரிச் சாலையைப் போல ஓடுவதற்குத் தோதான பாதை நம் மலையில் வேறு இல்லை. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கி.மீ. வரும், ஏற்ற இறக்கம் குறைவு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். பெரியவர்களின் ஓட்டத்தை அங்கேயே வையுங்கள். ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளின் ஓட்டத்தை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சட்டென்று கையை உதறிவிட்டு நழுவிப் போகும் பழக்கம் உண்டு. அவர்களில் நிறையப் பேரைத் தண்ணீர் இழுக்கும். பளபளப்பும் அலையும் பிடித்துப்போய் நேராக அதை நோக்கி நடப்பார்கள், ஆழத்தைப் பற்றிய பயம் இருக்காது. இப்படி நழுவிப் போகும் பிள்ளைகளின் உயிரிழப்புகளில் பெரும்பகுதி தண்ணீரில்தான் நேர்கிறது. சாதாரண நாளில் அம்மா கையைப் பிடித்தபடியே நடப்பார். ஓட்டத்தன்று முந்நூறு பேர் கூட்டம், தெரிந்தவர் வந்து பேச்சுக் கொடுப்பார், எண் அட்டை குத்தக் கூப்பிடுவார்கள். பிடி தளர அரை நிமிடம் போதும். கரையில் வேலி இருக்கிறதே என்பார்கள். படகுத்துறைப் பக்கம் திறப்பு இருக்கத்தானே செய்யும்?

அதனால் இரண்டாகப் பிரியுங்கள். பிள்ளைகளின் ஓட்டம் சுற்றுச்சுவரும் பூட்டக்கூடிய கேட்டும் உள்ள இடத்தில், அதாவது ஆலய வளாகத்திலோ பள்ளி மைதானத்திலோ நடக்கட்டும். ஒரு சுற்று இருநூறு முந்நூறு மீட்டர் இருந்தால் போதும். ஒரு சுற்று வந்தாலும் சரி, பத்துச் சுற்று வந்தாலும் சரி, பாதியில் உட்கார்ந்துவிட்டாலும் சரி. அண்ணன் தங்கைகளும் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் கூடவே ஓடட்டும், அப்போதுதான் ஒதுக்கி வைத்த மாதிரி இருக்காது. ஆட்டிசம் உள்ள பதின்வயதினரும் பெரியவர்களும் உண்டு என்பதை விழிப்புணர்வு நிகழ்ச்சிகளே மறந்துவிடுகின்றன. அவர்களில் ஓட விரும்புகிறவர்கள், பழகிய துணை ஒருவரோடு ஏரிச் சுற்றிலேயே ஓடலாம்.

மைதானத்திலும் தண்ணீரை மறக்க வேண்டாம். முந்தைய நாள் ஒருவர் போய்க் கிணறு, தரைத்தொட்டி, மூடியில்லாத சாக்கடை எல்லாவற்றையும் பார்த்து மூடிவிட வேண்டும். கேட்டில் இரண்டு பேர், பரிசு கொடுக்கும் நேரத்திலும் அசையாமல் நிற்கட்டும். "பிள்ளையைக் காணோம்" என்று குரல் வந்தால் முதலில் யார் எந்தத் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும் என்பது முன்னமே முடிவாகியிருக்க வேண்டும். வகுப்பறை, கழிப்பறை, வாசல் எல்லாம் அதற்குப் பிறகுதான். கைப்பட்டையின் உள்பக்கம் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதுங்கள். பெயரை வெளியே தெரிய எழுதினால் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லி அழைத்துவிட முடியும்.

அடுத்தது சத்தம். நம் ஊரில் விழா என்றாலே புனல் ஒலிபெருக்கி, வெடி, விசில். இதில் எதுவும் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு வேண்டாம். கொடியை அசைத்துத் தொடங்குங்கள். கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டச் சொன்னால் கூட்டம் ஒரே நிமிடத்தில் பழகிக்கொள்ளும், பார்க்கவும் அழகாக இருக்கும். மறைக்கல்வி வகுப்பறை ஒன்றைத் திரை போட்டு, பாய் விரித்து, அமைதி அறையாக ஒதுக்குங்கள். அழுகிற பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ அங்கே போய் உட்காரலாம். அங்கே யாரும் எட்டிப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, செலவே இல்லாத ஒரு வேலை. ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு மைதானத்துக்குப் போய்க் கைபேசியில் ஏழெட்டுப் படங்கள் எடுங்கள்: நுழையும் கேட், எண் அட்டை கொடுக்கும் மேசை, ஓடும் பாதை, கழிப்பறை, அமைதி அறை, முடிவில் தரப்போகும் வாழைப்பழமும் பிஸ்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி. "இங்கே நுழைவோம்." "இங்கே ஓடுவோம்." "முடிந்ததும் பழம் சாப்பிடுவோம்." "பிறகு வீட்டுக்குப் போவோம்." இதை வாட்ஸப்பில் பெற்றோருக்கு அனுப்பிவிடுங்கள், தினமும் பிள்ளைக்குக் காட்டட்டும். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெரிய வேதனை. அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எப்போது வீட்டுக்குப் போவோம் என்பது தெரிந்தால்தான் மற்றதைப் பொறுத்துக்கொள்வார்கள்.

தொண்டர்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும். கேட்காமல் தொடாதே, கட்டிப்பிடிக்காதே, "என்னைப் பார்த்துப் பேசு" என்று சொல்லாதே, ஒரு தடவையில் ஒரு விஷயம் மட்டும் சொல், பதிலுக்குக் காத்திரு. ஆட்டிசத்தோடு வலிப்பும் சிலருக்குச் சேர்ந்தே இருக்கும் என்பதால், வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதையும் திணிக்காமல் இருக்கவும் சொல்லிக்கொடுங்கள். கையில் இரும்பு கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டாமல் கையில் கொடுங்கள். டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டைச் சீட்டு பல பிள்ளைகளுக்கு முள் மாதிரி உறுத்தும், சட்டையே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, ஆலயம் நடத்தும் ஓட்டம் என்பதால் இன்னொன்று. தொடக்க ஜெபம் ஒரு நிமிடம் இருக்கட்டும், ஆனால் குணமளிக்கும் ஜெபத்தை அந்த மேடைக்குக் கொண்டுவராதீர்கள். ஆட்டிசம் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பெற்றோர் ஏற்கெனவே "யார் செய்த பாவமோ" என்ற பேச்சைக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கேட்டுச் சலித்தவர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டிச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, இவர் செய்த பாவமும் இல்லை, இவர் பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று இயேசு சொன்னது உங்கள் பங்குத் தந்தைக்குத் தெரியும். தவக்காலத்தில் வாசிக்கிற பகுதிதான். ஓட்டத்துக்கு முந்தைய ஞாயிறு மறையுரையில் அதைப் பேசச் சொல்லுங்கள், ஆயிரம் துண்டறிக்கையைவிட மேல். தடுப்பூசியால் ஆட்டிசம் வந்தது என்று யாராவது மைக்கைப் பிடித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது உண்மையல்ல, ஆனால் ஒருமுறை காதில் விழுந்தால் கிராமம் கிராமமாகப் பரவும்.

ஓட்டம் எல்லோருக்குமானது என்பது அழைப்பிதழிலேயே தெரிய வேண்டும். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கத்துக்காரர்களும் பள்ளிவாசல் இளைஞர்களும் ஓடவும் வரட்டும், வேலை செய்யவும் வரட்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் குழுக்களில் மூத்த ஒருவரைப் பிடித்து அரை மணி பேசிப் பாருங்கள். முன்னால் யார் போவது, கடைசி ஆளுக்குப் பின்னால் வண்டியை எப்படி விடுவது, தண்ணீர்ப் பந்தல் எத்தனை தூரத்துக்கு ஒன்று என்பதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பணத்துக்கு வருவோம். ஒரு கணக்குக்கு முந்நூறு பேர், தலைக்கு 300 ரூபாய் என்று வையுங்கள்: 90,000. டி-ஷர்ட்டுக்கு 200 ரூபாய் போனால் 60,000 அதிலேயே முடிந்தது. மீதி முப்பதில் டிபன், பேனர், பதக்கம் போக என்ன மிஞ்சும்? தர்ம ஓட்டங்கள் பலவும் டி-ஷர்ட் ஓட்டங்களாகிப் போவது இப்படித்தான். டி-ஷர்ட் வேண்டுவோர் தனியாகக் காசு கட்டட்டும். டிபனை ஒரு ஓட்டல்காரர், பழத்தை ஒரு பழக்கடைக்காரர், பதக்கத்தை ஒரு நகைக்கடைக்காரர் ஏற்றுக்கொள்ளட்டும். பதிவுக் கட்டணம் முழுக்கப் பிள்ளைகளுக்கு என்று அறிவித்துவிட்டு, அதன்படியே நடத்துங்கள்.

எந்த இளைஞரின் சொந்த ஜிபே எண்ணுக்கும் பணம் வரக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பதிவு பெற்ற அறக்கட்டளை அல்லது சங்கத்தின் வங்கிக் கணக்குக்கான கியூஆர் அட்டை மட்டுமே மேசையில் இருக்கட்டும். அந்த அமைப்புக்கு 80ஜி எனப்படும் வருமான வரித்துறை அங்கீகாரம் இருந்தால், பழைய வரி முறையில் வரி கட்டும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. டி-ஷர்ட்டும் டிபனும் வாங்கிக்கொண்டு கட்டும் தொகைக்கும் நன்கொடை ரசீது கேட்பார்கள். கொடுக்காதீர்கள், இரண்டுக்கும் தனித்தனி ரசீதுப் புத்தகம் வையுங்கள். லண்டனில் இருக்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவுள்ள அமைப்பு மட்டுமே, அதற்கென்று புது டில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் வைத்திருக்கும் கணக்கில் அதை வாங்க முடியும்.

வசூலானதை என்ன செய்வது? அந்த இரண்டு வீட்டுப் பெற்றோரையும், ஊரில் உள்ள மற்ற பெற்றோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். என் கணிப்பில் பலரும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் மலை இறங்கி வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ மதுரையோ போக வேண்டியிருக்கிறது. வளைவுக்கு வளைவு வாந்தி, பஸ் ஹாரன், நெரிசல். ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பிள்ளைக்கு ஒரு நாளும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலியும் போகிறது. போய்ச் சேரும்போது பிள்ளை பயிற்சி எடுக்கும் நிலையிலேயே இருக்காது. அதனால் பயிற்சியாளரை மாதம் இரண்டு நாள் மேலே வரவழைத்து, பங்கு மண்டபத்தில் ஓர் அறை கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து இந்தப் பணத்துக்கு மிகச் சரியான செலவு. வருகிறவர் பேச்சுப் பயிற்சியாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தன்று மைதான ஓரத்தில் ஒரு மேசை போட்டு, பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தினரையும் அழைத்து உட்கார வையுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு, பிள்ளைக்கு 18 வயதானதும் தேவைப்பட்டால் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம், இதெல்லாம் பல வீடுகளுக்குத் தெரியாது. படிவம் நிரப்பித் தரும் அந்த மேசை, ஓட்டத்தின் வசூலைவிட அதிகம் தந்துவிடலாம்.

அனுமதி விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஒன்றரை மாதம் முன்பே கோட்டாட்சியர், டிஎஸ்பி, நகராட்சி மூவருக்கும் பாதையின் வரைபடம், நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், பொறுப்பாளர் எண் ஆகியவற்றோடு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி வேண்டும், காலை 6 மணிக்கு முன் எப்படியும் தடை. பைன் காடு, தூண் பாறைப் பக்கம் பாதையை நீட்டினால் வனத்துறையும் சேரும், அந்த ஆசை வேண்டாம். அரசு மருத்துவமனைக்கும் 108க்கும் தகவல் சொல்லுங்கள். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ஏழாயிரம் அடி உயரத்தில் மூச்சு வாங்கும், ஆஸ்துமா, இதய நோய் பற்றிப் பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள். அவர்கள் வண்டி மலையேறுவதற்கான இ-பாஸ் எடுக்கவும் நினைவூட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது, கேனும் டம்ளரும்தான். விடிகாலையில் காட்டுமாடு சாலையில் நிற்கும், தொடங்குவதற்கு முன் பைக்கில் இருவர் முழுச் சுற்றும் போய் வரட்டும். குதிரைச் சாணத்தையும் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

தேதியில் பிடிவாதம் வேண்டாம். ஏப்ரல் 2 பல ஆண்டுகளில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் சிக்கும், 2026இல் அது பெரிய வியாழன். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28லேயே வந்துவிடுவதால் தோது. எந்த ஆண்டானாலும் ஈஸ்டருக்குப் பிறகு வரும் ஒரு சனிக்கிழமை, பொதுத்தேர்வு அட்டவணையைப் பார்த்து, சீசன் கூட்டம் ஏறுவதற்குள். ஏரிச் சாலையில் காலை 6.30க்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிட்டால் சுற்றுலா வண்டிகளின் தொல்லை இருக்காது. பிள்ளைகளின் ஓட்டம் குளிரும் பனிமூட்டமும் விலகிய பிறகு, 9 மணிக்கு.

கடைசியாகச் சிறப்பு விருந்தினர். யாரை வேண்டுமானாலும் அழையுங்கள், மைக் மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை மேடையேற்றி அவரோடு படம் எடுப்பதும் கூடாது, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் வெளியே போகக் கூடாது. கொடியசைக்க ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ விரும்பினால் அவரிடமே கொடுங்கள். அப்புறம், 9 மணி என்று படத்தில் எழுதி அனுப்பியிருந்தால் 9 மணிக்கே தொடங்கிவிடுங்கள். விருந்தினர் வண்டி வத்தலக்குண்டு சாலையில் மாட்டிக்கொண்டால், வந்து சேர்ந்தபின் பெரியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கட்டும்.