அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் ஒரு றிவோல்வர்

கேள்வி: ஐயா, 2008இல் இடம்பெயரும்போது வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன அப்பப்பாவின் றங்குப்பெட்டி, போன கிழமை மலசலகூடக் கிடங்கு வெட்டும்போது அகப்பட்டது. உள்ளே காணி உறுதிகள், இரண்டு பித்தளைச் செம்பு, மடித்த பழைய லைசன்ஸ் கடதாசி ஒன்று, அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய றிவோல்வர். படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன துவக்கு, என்ன விலை போகும்? உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்தால் விலை கூடுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, உப்புத்தாளைக் கீழே வையுங்கள். துவக்கையும் இனித் தொட வேண்டாம். அதன் உருளைக்குள் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, படத்தைப் பார்க்கிற எனக்கும் தெரியாது.

சரி, என்ன துவக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் துவக்கின் இரும்புச் சட்டகத்தின் மேல்பட்டையில் ‘மார்க்’ என்ற எழுத்தும் ரோமன் ஆறும், இன்னோர் இடத்தில் 1917 என்ற ஆண்டும் தெரிகின்றன. அப்படியென்றால் இது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் செய்த வெப்லி மார்க் ஆறு. 1915இல் முதலாம் உலகப்போருக்காக வந்தது, ஆறு குண்டு, .455 அளவு, குழாய் ஆறு அங்குலம், நடுவில் மடிந்து திறக்கும். முந்தைய மார்க்குகளின், அதாவது முந்தைய மாதிரிகளின், பிடி கிளி மூக்குப் போல வளைந்திருக்கும், இதன் பிடியடி சதுரம். அதனால் எழுத்துத் தேய்ந்திருந்தாலும் பிடியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இனிப் படத்தைப் பெரிதாக்கிக் காகத்தின் கால் தடம் மாதிரி ஒரு சின்ன அம்புக்குறியைத் தேடுங்கள். அது பிரித்தானிய அரசின் சொத்து என்ற அடையாளம். இரண்டு அம்புகள் மூக்கோடு மூக்கு முட்டினால், இராணுவம் சேவையிலிருந்து கழித்து விற்றது என்று அர்த்தம், அப்படியான ஒன்று தனியார் கைக்கு வந்ததில் அதிசயமில்லை. உப்புத்தாள் போட்டால் முதலில் அழிவது இந்தக் குறிகள்தான்.

விலை? அமெரிக்காவில் நிறம் போகாத, உருளையைச் சீவாத மார்க் ஆறு 1000 டொலரைத் தாண்டும். அங்கே .45 தோட்டா மலிவாகக் கிடைத்ததால் கனபேர் உருளையின் பின்பக்கத்தைச் சீவி அதற்கு ஏற்றமாதிரி மாற்றிவிட்டார்கள், அப்படிச் சீவியதற்கு மதிப்புக் குறைவு. துருப்பிடித்துக் குழி விழுந்ததற்கு இன்னும் குறைவு. ஆனால் ஒட்டுசுட்டானில் இதன் விலை பூச்சியம், ஏனென்றால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், விற்பது அதைவிட மோசம். அப்பப்பாவின் லைசன்ஸ் அவருக்குத்தான், பேரனுக்கு வராது.

தொல்பொருள் என்று சொல்லித் தப்பலாமோ என்றும் நினைக்க வேண்டாம், சட்டத்தில் அதற்கு எல்லை 1815 மார்ச் 2. பக்கத்துக் கற்சிலைமடுவில், 1803இல் வெள்ளையரோடு சண்டை பிடித்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் காலத்துத் துவக்கு கிடைத்தால் அது தொல்பொருள், உங்களுடையது ஒரு நூற்றாண்டு பிந்திவிட்டது.

உங்களிடம் உண்மையில் மதிப்புள்ளது அந்த மடித்த கடதாசி. வன்னியில் மண்ணுக்குள்ளிருந்து துவக்கு வந்தால் முதல் கேள்வி, “இது யாருடையது, எப்போது தாட்டது?” என்பதுதான். துவக்கில் பொறித்திருக்கும் 1917உம் அப்பப்பாவின் பெயர் போட்ட லைசன்ஸும் அதற்குப் பதில் சொல்லும். அதைப் படம் எடுத்து, இரண்டு பிரதி அடித்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். விதானையாருக்குச் சொல்லிவிட்டு, பொலிசை வளவுக்கு வரச் சொல்லுங்கள். சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், பாதையில் மறித்தால் யார் நம்புவார்கள்? ஒப்படைக்கும்போது தொடர் இலக்கம் எழுதிய பதிவுப் பிரதி கேட்டு வாங்குங்கள். அப்புறம், அந்தக் கிடங்கை வேறு இடத்தில் வெட்டுவதானாலும், கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

கேள்வி: மாமா வீட்டுச் சுவரில் இடியன் துவக்கு ஒன்று தொங்குகிறது. எத்தனை வருஷப் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, முள்ளியவளை

பதில்: தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது, தங்கச்சி. குழாயின் வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கும் துவக்கு பார்க்கப் பழசாய்த்தான் இருக்கும், ஊர்ப் பட்டறையில் இரும்புக் குழாயில் நேற்றுச் செய்ததும் அப்படித்தான். குறியோ இலக்கமோ இல்லையென்றால் சேகரிப்பவருக்கும் அதில் அக்கறை இல்லை. மாமாவிடம் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.