கலப்பின வல்லூறுகள்: கேள்வி பதில்

கேள்வி: அமீரகத்துப் பந்தயங்களில் எவ்வெந்த இனங்களைக் கலந்து பறக்கவிடுகிறார்கள்?

பதில்: பெரும்பாலும் ஒரு பக்கம் ஆர்க்டிக் பகுதியின் ஜிர் வல்லூறு இருக்கும், மறுபக்கம் அரபுகள் ஹுர் என்னும் சேக்கரோ, ஷாஹீன் என்னும் பொரி வல்லூறோ இருக்கும். ஜிர் உடல் பெருத்தது. ஆட்டப்படும் இறகுப் பொம்மையை நோக்கி 400 மீட்டரை நேராகக் கடக்கும் வலு அதற்கு உண்டு. ஆனால் குளிர்நாட்டுப் பறவையாதலால், வளைகுடாவில் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை அதன் காற்றுப்பைகளை எளிதில் பற்றிவிடுகிறது. பாலைக்குப் பழகிய சேக்கரின் தாங்கும் தன்மையை அதனோடு சேர்ப்பதே வளர்ப்போரின் எண்ணம்.

கேள்வி: வேறு வேறு இனங்கள் தாமாக இணையுமா?

பதில்: எப்போதாவது இணையும். 1971-இல் அயர்லாந்தில் ரொனால்ட் ஸ்டீவன்ஸும் ஜான் மோரிஸும் இறகு உதிர்க்கும் பருவத்தில் ஒரே அறையில் விட்டிருந்த ஆண் சேக்கரும் பெண் பொரி வல்லூறும் இணைந்து குஞ்சு பொரித்தன. இன்று பெரும்பாலும் செயற்கைக் கருவூட்டல்தான். குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த ஆண் பறவை, வளர்ப்பவரையே துணையாக எண்ணுகிறது. அவர் விளிம்பில் பள்ளம் ஓடும் தொப்பியை அணிந்து, தலையைக் குனிந்து, அதன் குரலிலேயே கூப்பிட்டுக் காத்திருப்பார். அது இறைச்சித் துண்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிறகடித்துத் தொப்பியின்மேல் ஏறும். பள்ளத்தில் விழும் ஓரிரு துளி விந்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, பெண் பறவை ஒரு முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், அடுத்த முட்டைக்காகச் செலுத்த வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு இந்த வேலை கைகூடாது.

கேள்வி: கோவேறு கழுதையைப்போல இவையும் மலடுதானே?

பதில்: இல்லை, பலரை ஏமாற்றும் நம்பிக்கை இது. ஜிரும் சேக்கரும் மிக நெருங்கிய உறவினங்கள். அவற்றின் குஞ்சுகளில் ஆணும் பெண்ணும் இனம் பெருக்கவல்லவை. ஜிர், பொரி வல்லூறுக் கலப்பில் பெண்களிடமே குறை மிகுதி. பறவைகளில் பெண்ணுக்குத்தான் இரு வேறு பால் குரோமோசோம்கள். கலப்பினத்தில் அத்தகைய பாலே முதலில் மலடாகும் என்று 1922-இல் உயிரியலாளர் ஹால்டேன் விதியாகவே கூறினார்.

கேள்வி: பறவைக்குப் பாஸ்போர்ட் உண்டாமே?

பதில்: உண்டு. குஞ்சின் கால் சிறிதாக இருக்கும்போதே மாட்டும் மூட்டில்லா வளையத்தின் எண் அதில் இருக்கும். கால் வளர்ந்தபின் அந்த வளையத்தைக் கழற்றவோ வேறொன்றை மாட்டவோ இயலாது.

கேள்வி: பயிற்சியில் பறந்து போய்விட்டால் பணம்தானே நட்டம்?

பதில்: பணத்தோடு நிற்பதில்லை. தப்பிய கலப்பினங்கள் காட்டுப் பொரி வல்லூறுகளோடு சோடி சேர்ந்தது ஐரோப்பாவில் பதிவாகியுள்ளது. ஜெர்மனி இக்கலப்பை வளர்ப்பதையே தடை செய்தது. சேக்கர் உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் இனமாகையால், பண்ணைப் பறவைகள் பெருகி, காட்டில் பிடிப்பது குறைய வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். அதற்காகவே சொல்கிறேன்: டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் கலப்பினத்தை ஒருமுறைகூடப் பறக்கவிடாதீர்கள். பறவையின் கண்ணை மறைக்கும் முகமூடியைக் கழற்றும் முன் டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை ரிசீவரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்; கேட்கவில்லையென்றால் அன்றைய பயிற்சியை விட்டுவிடுங்கள்.