‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையருக்குப் புதிய விலையை அனுப்பி, ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த ரிவைஸ்டு பிரைஸ்’ என்று மெயில் போட்டேன். ‘பழைய விலைக்கே போகலாம் என்கிறீர்களா?’ என்று கேட்கிறார். நான் எழுதியதில் என்ன தப்பு?

பதில்: உங்கள் மெயில் நம்மூரில் எந்த அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், மலேசியாவிலும் ‘ரிவர்ட்’ என்றால் பதில் போடுவதுதான். சில ஆங்கில அகராதிகளே இதை இந்திய ஆங்கில வழக்கு என்று குறித்திருக்கின்றன. ஆனால் இங்கிலாந்துக்காரருக்கு அந்தச் சொல், முன்பிருந்த நிலைக்கே திரும்புவது.

வேர் லத்தீன். ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புவது. முன்னால் நிற்கும் ‘ரே’, பின்னோக்கி. கன்வர்ட், டைவர்ட், இன்வர்ட் எல்லாம் பங்காளிகள். சட்டத்தில், குத்தகைக்கு விட்ட சொத்து கெடு முடிந்து உரிமையாளருக்கே வந்து சேர்வதை இப்படிச் சொல்வார்கள். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பியதற்கும் இதே சொல்தான். அசல் பொருளை நம் அரசு ஊழியர்களிடம் கேட்டாலே போதும்: பதவி உயர்வு பெற்றவரைப் பழைய பதவிக்கே இறக்கினால் அது ‘ரிவர்ஷன்’. பெரும்பாலும் யாரும் சிரித்த முகத்தோடு வாங்கும் ஆர்டர் இல்லை.

சரி, பதில் என்ற பொருள் எப்படி ஒட்டிக்கொண்டது? ‘ஐ ஷல் ரிவர்ட் டு த மேட்டர்’, அதாவது அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன் என்பது நல்ல ஆங்கிலம்தான். கோப்புகளில் அதைப் பார்த்துப் பழகி, விஷயத்தை விட்டுவிட்டு ‘ரிவர்ட்’ மட்டும் எடுத்துக்கொண்டோம் என்பது என் ஊகம்.

‘ரிவர்ட் பேக்’ என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். ‘பின்னோக்கி’ சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது ‘நடு சென்டர்’, ‘கேட்டுக் கதவு’ ரகம். ‘அவெய்ட்டிங் யுவர் ரிவர்ட்’ என்று பெயர்ச்சொல்லாக்குவதும் வெளிநாட்டாருக்கு விநோதமாகப் படும்.

வெளிநாட்டு மெயில்களில் ‘ரிப்ளை’ போதும். இன்னும் நல்லது, வேண்டியதையே நேராகக் கேட்பது. உங்கள் வரியை ‘குட் யு கன்ஃபர்ம் த ரிவைஸ்டு பிரைஸ்?’ என்று மாற்றுங்கள். உள்ளூர் நூல் மில்லுக்கு எழுதும்போது ‘ரிவர்ட்’ தாராளமாக இருக்கட்டும். அப்புறம், அந்த பையருக்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். பழைய விலை என்று நினைத்து ஆர்டரை உறுதிசெய்துவிடப் போகிறார்.