லைட்டர் தடைக்குப் பிறகு தீப்பெட்டி ஊர்கள்: கேள்வி பதில்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலையும் லைட்டர் இறக்குமதியையும் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இருபது வருடம் தீப்பெட்டி வியாபாரத்தில் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணாச்சி, லைட்டரைத் தடை செய்தாச்சு என்றார்கள். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் இன்னும் தொங்குதே?

ப: முழுத் தடை இல்லை, தம்பி. 2023 ஜூன் கடைசியில் வந்த உத்தரவு, கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள லைட்டரைத்தான் நிறுத்தியது. அதற்கு மேல் மதிப்பு இருந்தால் வரலாம். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதற்கும் வழி திறந்தே இருந்தது. பாகங்களுக்குத் தடை வந்தது 2024 அக்டோபரில். கடன் வாங்கிச் சரக்குப் போடும் சின்ன யூனிட்டுக்கு இடைப்பட்ட அந்தப் பதினைந்து மாதம் ரொம்ப நீளம்.

கே: ஒரு சின்ன லைட்டர் என்ன செய்துவிடும்?

ப: பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது. 2022ல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன கணக்கு இது. பண்டல் என்பது 600 பெட்டி. அப்படியென்றால் முப்பது லைட்டர் விற்றால் ஒரு பண்டல் காலி.

கே: அண்ணாச்சி, அம்மா வீட்டில் பெட்டி ஒட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். இப்போது அந்த வேலையே வருவதில்லை. லைட்டர்தான் காரணமா?

ப: இல்லைம்மா, இதை நேராகவே சொல்கிறேன். பெட்டி ஒட்டுவதையும் குச்சி அடுக்குவதையும் மெஷின் எடுத்துக்கொண்டது. 1920களில் சிவகாசிக்காரர்களான ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுக்கொண்டு வந்த தொழில் இது. ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி அப்போதே மெஷினில் செய்தது. அதற்கு எதிரே கைவேலை நின்றதற்குக் கலால் வரியில் கிடைத்த சலுகை பெரிய காரணம். சிறுதொழிலுக்கு என்று ஒதுக்கிய பட்டியலிலும் தீப்பெட்டி இருந்தது, 2015ல் அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஜிஎஸ்டி. முதலில் கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள். மெஷின்காரருக்கு ஆறு இறங்கியது, உங்கள் அம்மா ஒட்டிய பெட்டிக்கு ஏழு ஏறியது. லைட்டருக்காக டெல்லி வரை போனோம். இதற்காக அந்த அளவு குரல் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கே: தீப்பெட்டி விலையை இரண்டு ரூபாய் ஆக்கியதில் லாபம் வந்திருக்குமே?

ப: 2007ல் ஒரு ரூபாய். இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பரில். அந்தப் பதினாலு வருடத்தில் மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எதுவும் பழைய விலையில் நிற்கவில்லை. விட்டதைப் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

கே: கோவில்பட்டியைக் கடலைமிட்டாய் காப்பாற்றுமா?

ப: 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது, ரொம்பச் சந்தோஷம். ஆனால் தீப்பெட்டியை நம்பி இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பாலும் பெண்கள். அத்தனை பேரை மிட்டாய் தாங்காது.

கே: சரி, இனி என்ன கேட்க வேண்டும்?

ப: துறைமுகத்தில் 19 ரூபாய்ச் சரக்கை 21 என்று எழுதி இறக்க விடாமல் பார்க்க வேண்டும். கையால் செய்யும் பெட்டிக்கு மெஷின் பெட்டியை விடக் குறைந்த வரி வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் முதலில்.