மறந்த பிறகு கேளுங்கள்

வணக்கம்.

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பாடம் நடத்தும் அன்று எல்லாரும் புரிந்தது என்கிறார்கள், கணக்கையும் போட்டுவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து அதையே கேட்டால் திருதிருவென விழிக்கிறார்கள். கற்றல் குறித்த ஆய்வுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாதபோது அவற்றை வகுப்புக்குள் எப்படிக் கொண்டுவருவது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்குப் புரிந்ததுதான். நாம்தான் அதைக் கற்றுவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு தவணையும் படித்தது. இன்னொரு குழு ஒரு தவணை படித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: 83 சதவீதம், மற்றது 71. ஒரு வாரம் கழித்து படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம்; எழுதிப் பார்த்தவர்களிடம் 61. நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களோ, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம்! நம் வகுப்புகளை நாம் அந்த ஐந்தாவது நிமிடத்திலேயே எடைபோட்டுவிடுகிறோம்.

நேரம் இல்லை என்கிறீர்கள். வகுப்புத் தொடக்கத்தில் "நேற்று என்ன பார்த்தோம்" என்று நீங்களே சொல்லிவிடும் அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் மூன்று கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. நோட்டை மூடிவிட்டு எல்லாரும் எழுத வேண்டும். எல்லாரும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கை தூக்கிய ஒருவரைப் பதில் சொல்லவிட்டால் நினைவைத் துழாவுவது அந்த ஒருவர் மட்டுமே. உடனே விடையைக் காட்டுங்கள், அவரவர் திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் அது தேர்வாகிவிடும், பயந்த பிள்ளைகள் பக்கத்து நோட்டைப் பார்ப்பார்கள்.

வீட்டுப்பாடத்திலும் ஒரு மாற்றம் செய்யலாம். பின்னக் கூட்டலில் பத்துக் கணக்கு கொடுத்தால் மூன்றாவதிலிருந்து கை தானாக ஓடுகிறது. 1/2 + 1/3 என்பதற்கு அடுத்து 1/2 × 1/3 என்று வைத்துப் பாருங்கள். பகுதிகளைச் சமமாக்க வேண்டுமா, வேண்டாமா என்று முதலில் நின்று யோசித்தாக வேண்டும். தேர்வில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007இல் கன அளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பயிற்சியின்போது ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், எல்லா வகையையும் கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து அது முறையே 20, 63 என்று தலைகீழானது.

புதிய பாடத்தின் முதல் நாளில் மட்டும் கலக்காதீர்கள். முழுதாகப் போட்டுக் காட்டிய கணக்குகள்தாம் அப்போது தேவை.

தொடக்கத்தில் நோட்டுகளில் தவறுகள் கூடும். பெற்றோரும் தலைமையாசிரியரும் கேட்பார்கள்; இந்த எண்களை அவர்களுக்குக் காட்டுங்கள். பாதி வகுப்பு தவறவிட்ட கேள்வியைக் குறித்துவைத்து அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள். ஆண்டிறுதியில் திருப்புதலுக்கென்று வைத்திருக்கும் நாள்களில் சிலவற்றை இப்போதே இதற்குச் செலவழிக்கலாம்.