வௌவால் கூடத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். மே லீவுக்குச் சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். அங்கே மிருகக்காட்சி சாலையில் பழந்தின்னி வௌவால்கள் கூண்டு இல்லாமல் தலைக்கு மேலேயே தொங்குமாம், நாம் நடுவில் நடந்து போகலாமாம். ஏழு வயதுப் பையன் பார்த்தே தீருவேன் என்கிறான். சின்னவளுக்கு மூன்று வயது, எதைத் தொட்டாலும் கை வாய்க்குத்தான் போகும். நிபா செய்தி பார்த்த மாமியார் கூடவே கூடாது என்கிறார். என்ன செய்வது டாக்டர்?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கூடலூரிலிருந்து நாடுகாணி தாண்டினால் மலப்புரம். 2018ல் கோழிக்கோட்டிலும் 2024ல் மலப்புரத்திலும் நிபா உயிர்களைக் கொண்டுபோனது, மலப்புரத்தில் போனவர்களில் ஒருவன் பதினான்கு வயதுப் பையன். பக்கத்து மாவட்டத்தில் இப்படி நடந்தால் எந்தப் பாட்டிக்குத்தான் பதறாது?

ஆனால் நிபா எப்படி வருகிறது என்று பாருங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம், அதன் எச்சிலும் சிறுநீரும் கலந்த பச்சைக் கள், நோய் வந்த பன்றி, நோயாளியை நெருங்கிப் பார்த்துக்கொண்டவர்கள், இவைதான் அறியப்பட்ட வழிகள். சிங்கப்பூரில் 1999ல் நிபா வந்ததுகூட மலேசியாவிலிருந்து இறக்கிய பன்றிகளை அறுத்த தொழிலாளர்களுக்கு. நல்ல காட்சி சாலைகளில் வௌவால்கள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து, கால்நடை மருத்துவர் கண்ணெதிரே வளர்பவை. கீழே நடந்துபோவதால் மட்டும் நிபா வந்துவிடாது.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. வெறிநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள் சில வௌவால்களிடம் உண்டு. 1997ல் ராட்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் மக்கள் நடந்துபோகும் கூடத்து வௌவால்களிலேயே அப்படி ஒன்று தெரியவந்து, அவற்றைத் தொட்டவர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பெரிய பழந்தின்னி வௌவால் இனத்திலேயே, இலங்கையில், இன்னொன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2013ல் எட்டு வயதுப் பையன் ஒருவன் இதே வகைக் கிருமி ஒன்றால் இறந்தான். குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்தில் வௌவால் கீறியிருக்கிறது, பையன் வீட்டில் சொல்லவில்லை. உடனே தெரிந்திருந்தால் தடுப்பூசிக்கு நேரம் இருந்திருக்கும். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

அதனால் பையனிடம் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்: தொடாதே, கை நீட்டாதே, அப்படியும் மேலே பட்டுவிட்டால் உடனே அம்மாவிடம் சொல், யாரும் திட்ட மாட்டோம். "திட்ட மாட்டோம்" என்பதை நீங்கள் நிஜமாகவே காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் தொடாதே என்று நூறு முறை சொல்லி வளர்த்த பிள்ளைதான் தொட்டதை மறைக்கும். வௌவாலின் பல்லும் நகமும் ஊசி முனை போல, பட்ட இடம் சில நேரம் கண்ணுக்கே தெரியாது. கீறினாலோ கடித்தாலோ, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள் (கண், வாய் என்றால் வெறும் தண்ணீர்), அன்றைக்கே அங்கேயே டாக்டரிடம் காட்டுங்கள். ஊருக்கு வந்து குன்னூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் இதை வெறிநாய் கடித்துக் குதறியதற்குச் சமமான மூன்றாம் வகையில்தான் வைத்திருக்கிறது.

சின்னவள் விஷயம் வேறு. அவளுக்கு வௌவாலைவிடக் கைப்பிடிக் கம்பிதான் பிரச்சினை. மேலே தொங்குபவை எச்சமிடுவதும் சிறுநீர் கழிப்பதும் அதன் மேல்தான், அதிலிருந்து சால்மோனெல்லா மாதிரி வயிற்றுப்போக்குக் கிருமிகள் வரலாம். தள்ளுவண்டியில் வையுங்கள், இல்லை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். பால் புட்டி, பிஸ்கட், சூப்பான் எதையும் உள்ளே இருக்கும்வரை வெளியே எடுக்காதீர்கள். வெளியே வந்ததும் இரண்டு பேருக்கும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அழுக்குக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது.

இரண்டு பேரில் யாருக்காவது ஸ்டீராய்டு மாத்திரையோ புற்றுநோய்க்கான மருந்தோ போய்க்கொண்டிருந்தால் மட்டும் இந்தக் கூடத்தை விட்டுவிடுங்கள், யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்கட்டும். வௌவால் குடியிருக்கும் மூடிய குகைக்கோ எந்தக் குழந்தையும் வேண்டாம். அங்கே காய்ந்த எச்சத்தூளில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். உகாண்டாவில் 2008ல் அப்படிக் குகை பார்க்கப் போன ஒரு சுற்றுலாப் பயணி மார்பர்க் என்ற வைரஸ் காய்ச்சலில் இறந்தார்.

மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், அவர் கவனம் இங்கேதான் அதிகம் தேவை. மரத்தடியில் கிடக்கும் கடிபட்ட கொய்யாவைக் கத்தியால் செதுக்கிவிட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சகஜம், அதை நிறுத்துங்கள், முழுதாகத் தூக்கிப் போடுங்கள். பழைய தோட்டத் தொழிலாளர் லயன் வீட்டு ஓட்டிலிருந்து தரையில் விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் பாவம் என்று கையில் எடுப்பார்கள். காட்சி சாலை வௌவாலைவிட அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

திரும்பி வந்த பிறகு யாருக்காவது காய்ச்சல் அடித்தால் முதலில் டெங்கு பாருங்கள், சிங்கப்பூரில் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் எங்கே போனீர்கள், எதைத் தொட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.